பன்னிரண்டாவது குச்சி

சித்தி எதையும் தொட்டு எண்ணமாட்டாள். ஆள்காட்டி விரல் பொருளுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நிற்கும். "ஒண்ணு" என்பாள். அரை நொடி பொறுப்பாள். அந்த அரை நொடி எதிரில் நிற்பவருக்கானது. அவரும் "ஒண்ணு" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் விரல் அடுத்ததற்கு நகரும். சமையலைத் தொடங்குமுன் மேடைமேல் வெள்ளைத் துண்டு ஒன்றை விரித்து, கத்தி இரண்டு, கரண்டி நான்கு, கத்தரிக்கோல் ஒன்று, மூடி மூன்று என்று இடமிருந்து வலமாக அடுக்கி எண்ணுவாள். எல்லாம் முடிந்து கழுவித் துடைத்தபின் அதே துண்டில், அதே வரிசையில், மறுபடியும். சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாலும் அப்படித்தான். ஊசி ஒண்ணு, கத்தரி ஒண்ணு. சட்டையை என் கையில் தருமுன், ஊசி ஒண்ணு, கத்தரி ஒண்ணு.

சித்தப்பாவுக்கு வேறு ஊரில் வேலை. மாதம் ஒருமுறை வருவார். "கல்யாணத்தன்னைக்கு இவ என் விரல் பத்தும் சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் மோதிரம் போட்டா" என்பார். அவர் இல்லாத நாட்களில் எதிரில் நின்று எண்ண ஓர் ஆள் வேண்டுமே. அடுத்த போர்ஷனில் அம்மாவோடு இருந்த எனக்கு அது வந்து சேர்ந்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. நாள் முழுக்க யாரோடும் பேசாமல் ஓட்டிவிடலாம் என்பதால்தான் அதில் சேர்ந்திருந்தேன். சித்தியோடு எண்ணும்போதும் என் குரல் தொண்டையைத் தாண்டாது. உதடு மட்டும் அசையும். சித்தி அதைப் பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவாள்.

பதினெட்டு வருடம் அவள் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வயிற்றைத் திறக்குமுன் கத்தி, கத்தரி, ஊசி, ரத்தம் ஒற்றுகிற காஸ் துணி எல்லாவற்றையும் இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டு எண்ண வேண்டும். சுவரில் இருக்கிற போர்டில் எழுத வேண்டும். மூடுமுன் மறுபடி எண்ண வேண்டும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால்தான் தையல். சித்தியை அங்கே எல்லோரும் 'மீட்டர்' என்பார்கள். ஆட்டோ நின்றாலும் ஓடுகிற மீட்டர்.

அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் போர்டில் இருபது காஸ் என்று இருந்தது. மூடும் நேரத்தில் பத்தொன்பது. மூன்று முறை எண்ணியும் பத்தொன்பது. டாக்டர் தையல் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். உதவிக்கு நின்ற சின்ன நர்ஸ், வேலைக்கு வந்து நான்கு மாதமான பெண், அந்தப் பார்வைக்குப் பயந்து போர்டில் இருபதை அழித்துப் பத்தொன்பது என்று எழுதிவிட்டாள். "நான்தான் தப்பா எழுதிட்டேன் போல" என்றாள். சித்தி கையெழுத்துப் போட மறுத்தாள். எக்ஸ்ரே மெஷினைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள்; காஸ் துணிக்குள் படத்தில் தெரிகிற இழை ஒன்று இருக்கும். நாற்பது நிமிடம் நோயாளி மயக்கத்திலேயே கிடந்தார். படத்தில் ஒன்றும் இல்லை. அந்தத் துணி கடைசிவரை எங்கேயும் அகப்படவில்லை. நோயாளி நன்றாக நடந்து வீட்டுக்குப் போனார்.

டாக்டர் புகார் எழுதினார். சித்தியை நாலாவது மாடியிலிருந்து இறக்கி, தரைக்குக் கீழே, கருவிகளை ஆவியில் வேகவைத்துத் துணியில் சுற்றிக் கட்டுகிற அறையில் போட்டார்கள். ஐந்து மாதம். ஜன்னல் இல்லாத அறை. வீட்டுக்கு வந்தால் அவள் முகம் சுடுதண்ணீரில் ஊறியதுபோல் வெளுத்து இருக்கும். பேச்சு குறைந்தது. எண்ணுவது மட்டும் குறையவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பெரிய சிஸ்டர் போன் செய்தார். நர்ஸ்கள் யார் எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்கிறவர் அவர். சித்தி போனை ஸ்பீக்கரில் போட்டாள். அம்மாவும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"தியேட்டர்ல ஒரு இடம் காலியாகுது. யாருன்னு நான் இன்னும் முடிவு பண்ணல. மயக்க டாக்டர் ஊரை விட்டுப் போறாரில்ல, ஞாயித்துக்கிழமை எங்க பில்டிங் ஹால்ல ஒரு சின்ன விருந்து. ஆளுக்கு ஒரு ஐட்டம். நீ முதல்ல தொட்டுக்க சூடா ஏதாவது கொண்டு வா. அவரும் வருவார்." எந்த அவர் என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. "கொஞ்சம் சகஜமா இரும்மா. நாலு பேர் பாக்கட்டும்."

போனை வைத்ததும் சித்தி அம்மாவைக் கேட்டாள்: "சகஜமா இருக்கிறதுன்னா என்னக்கா பண்ணணும்?"

"சும்மா இருக்கணும்."

"சும்மா எப்படி இருக்கிறது?"

"இப்படி நோண்டி நோண்டிக் கேக்காம இருக்கிறதுதாண்டி" என்றாள் அம்மா.

என்ன செய்வது என்பதை அம்மாதான் போனில் தேடிப் பிடித்தாள். வீடியோவில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு செய்து காட்டினாள்: மெத்தென்ற வட்டச் சீஸ், அதன் தலையில் ஒரு கரண்டி ஜாம், கொஞ்சம் வால்நட், மேலே பேஸ்ட்ரி ஷீட் என்கிற மாவுத் தகட்டைப் பொட்டலம்போல் மடித்து, முட்டை தடவி, ஓவனில் இருபத்தைந்து நிமிடம். வெட்டினால் உள்ளிருந்து சீஸ் எரிமலையாக வழிகிறது. ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிட வேண்டியதுதான். "ரொம்ப ரொம்ப ஈஸி!" என்று அந்தப் பெண் மூன்று தடவை சொன்னாள். "குழந்தைகூடச் செஞ்சிடும்" என்று அம்மா சேர்த்துக்கொண்டாள்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நாங்கள் மூன்று பேரும் அந்த ஹாலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தரைத்தளத்தில் நீளமான அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் ஒரு குட்டிச் சமையலறை. ஓவன் அங்கேயே இருந்தது. மூன்று சீஸ், மூன்று ஷீட். வெயிலில் பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் ஷீட்டின் ஓரங்கள் காய்ந்துபோயிருந்தன. சித்தி நான்கு மூலையையும் மேலே இழுத்து மடித்தாள். விட்டதும் அவை பூ மாதிரி மெல்ல விரிந்தன. தண்ணீர் தொட்டாள். முட்டை தொட்டாள். விரிந்தன.

"பல்குத்துற குச்சியால குத்திடு" என்றாள் அம்மா. இழுப்பறையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள்.

சித்தி அந்த டப்பாவைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "உள்ள போறது எல்லாம் வெளிய வரணும்க்கா."

"வரும் வரும். எங்க போயிடப் போகுது? மணியைப் பாரு."

சித்தி துண்டில் குச்சிகளைப் பரப்பினாள். என்னைப் பார்த்தாள். "எண்ணு." விரல் மேலே வந்து நின்றது. ஒண்ணு. ரெண்டு. ஹாலில் முதல் ஆட்கள் வந்து நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. யாரோ "மீட்டர் வந்தாச்சா?" என்று சத்தமாகக் கேட்டார்கள், யாரோ சிரித்தார்கள். என் காது அங்கே போய்விட்டது. உதடு மட்டும் இங்கே. பன்னிரண்டு என்றாள் சித்தி. என் உதடும் பன்னிரண்டு என்றது. மடிப்பு விரிகிற இடமாகப் பார்த்து அவள் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, துண்டு காலியாகும்வரை நான் குத்தினேன். தட்டு உள்ளே போனது.

இருபத்தைந்து நிமிடம். வெண்ணெய் மணம் மெதுவாக எழும்பி ஹால்வரை போயிற்று. மூன்றும் பொன் நிறத்தில் உப்பிக்கொண்டு வெளியே வந்தன. வீடியோவில் இருந்ததைவிட அழகாக இருந்தன. பத்து நிமிடம் ஆற வேண்டும் என்று சித்தி கடிகாரத்தைப் பார்த்தாள். அப்போது பெரிய சிஸ்டரின் குரல் கேட்டது. "போய் ஒரு வணக்கம் வெச்சுட்டு வாடி" என்று அம்மா அவளைத் தள்ளினாள். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

அவள் திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. ஐந்து மாதத்தில் நான் பார்க்காத சிரிப்பு. "டாக்டரே எழுந்து வந்து பேசினார்க்கா. 'எப்படியிருக்கீங்க சிஸ்டர்'ன்னு."

"பாத்தியா? நான் சொல்லல? நீ வர்றதுக்குள்ள குச்சியையெல்லாம் பிடுங்கியும் வெச்சுட்டேன். வெட்டிக் கொடுக்க வேண்டியதுதான்."

ஒரு தேநீர்க் கோப்பையில், முனை கருகிய குச்சிகள். சித்தி அவற்றைத் துண்டில் கொட்டினாள். விரல் மேலே வந்தது.

பதினொன்று.

மறுபடி எண்ணினாள். இந்த முறை நானும் உண்மையாகவே எண்ணினேன். பதினொன்று.

சித்தியின் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கோப்பையைக் கவிழ்த்துத் தட்டினாள். தட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஓவனுக்குள் டார்ச் அடித்தாள். நான் தரையில் மண்டியிட்டு அடுப்புக்கும் சுவருக்கும் நடுவே பார்த்தேன். அம்மா தன் முந்தானையை உதறினாள். இல்லை.

"எதுல எத்தனை எடுத்தே?"

"எல்லாத்தையும் பிடுங்கி ஒண்ணாத்தான் போட்டேன். அதுல என்ன?"

எந்தச் சீஸிலிருந்து ஒன்று வராமல் போயிற்று என்பதைச் சொல்ல இனி வழியில்லை. மூன்று மேலோட்டிலும் ஓட்டைகள் இருந்தன. ஆனால் ஆவி வெளியே வந்த வெடிப்புகளும் இருந்தன. எது குச்சி, எது ஆவி என்று யார் சொல்வது? உள்ளே எல்லாம் உருகிக் குழைந்து கிடந்தது. ஒரு குச்சி சாய்ந்து அதற்குள் அமிழ்ந்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது.

"ஏய், இங்க பாரு." அம்மா கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்தினாள். "அவங்க உன்னைக் கூப்பிட்டதே நீ மாறிட்டியான்னு பாக்கத்தான். அந்த ஆளு எழுந்து வந்து பேசியிருக்கார். இப்பப் போய் ஒரு குச்சியைக் காணோம்னு நின்னா என்ன நெனைப்பாங்க? மறுபடியும் அந்தக் குழிக்குள்ள போயி மூட்டை கட்டணுமா?"

சித்தி குச்சிகளை மறுபடியும் வரிசையாக அடுக்கினாள். அம்மா என் பக்கம் திரும்பினாள். அந்தப் பார்வையிலேயே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"இவன்தான் குத்தும்போது ஒண்ணைக் கீழ போட்டானே. என்னடா? போட்டேல்ல?"

அம்மா கெட்டவள் இல்லை. தங்கையின் வெளுத்த முகத்தைத் தினமும் பார்க்கிறவள். நானும் பார்க்கிறவன்தான்.

"ஆமா சித்தி. ஒண்ணு கீழ விழுந்துச்சு. குப்பையில போட்டேன்."

அவ்வளவு தெளிவாக, அவ்வளவு சத்தமாக நான் அதுவரை எதையும் சொன்னதில்லை.

சித்தி ஒரு மூச்சு விட்டாள். தோள் இறங்கியது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அவள் குனிந்து குப்பைக்கூடையை எடுத்துவந்து, வெள்ளைத் துண்டின்மேல் அப்படியே கவிழ்த்தாள்.

"காட்டு."

தியேட்டரில் கீழே விழுந்ததைக்கூட யாரும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, காட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்பது அப்போது எனக்கு ஞாபகம் வரவில்லை. முட்டை ஓடு இரண்டு. சீஸ் சுற்றியிருந்த காகிதம் மூன்று. ஜாம் பாட்டில் மூடியின் பிளாஸ்டிக் வளையம். ஷீட்டுக்கு நடுவே இருந்த மெழுகுத்தாள். நான் ஒவ்வொன்றாக நகர்த்தினேன், நிஜமாகவே தேடுகிறவன்போல. மெழுகுத்தாளைப் பிரித்துக்கூடப் பார்த்தேன்.

"விழுந்துச்சா?" சித்தியின் குரல் உயரவில்லை.

"இல்ல சித்தி."

"சரி. முதல்ல என்கூட எண்ணினேல்ல? பன்னெண்டு?"

இதற்கும் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். யாராலும் கவிழ்த்துப் பார்க்க முடியாத பொய் அது. வெளியே ஹாலில் கரண்டியால் டம்ளரைத் தட்டி யாரோ தாளம் போட்டார்கள். "பசிக்குது, பசிக்குது" என்று கோரஸ்.

"எண்ணல சித்தி. வாயை மட்டும்தான் அசைச்சேன்."

அவள் என்னையே பார்த்தாள். "எப்பவுமேவா?"

"பாதி நாள்."

அடித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. சித்தி தலையை மட்டும் ஆட்டினாள். இத்தனை நாளும் அவள் எதிரில் யாரும் நின்றிருக்கவில்லை என்பதை அப்போதுதான் கணக்கில் சேர்த்துக்கொள்கிறவள்போல.

கதவு திறந்தது. டாக்டர். நல்ல உயரம், சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், சிரித்த முகம். "வாசனை ஆளைத் தூக்குதே! வெளிய இருபது பேர் வயித்தைத் தடவிக்கிட்டு உக்காந்திருக்காங்க. என்ன சிஸ்டர், தையல் போட்டு மூடியாச்சா?"

"இதோ டாக்டர், ஆச்சு, அஞ்சே நிமிஷம்" என்று அம்மா முந்திக்கொண்டாள்.

"ஒரு குச்சி குறையுது டாக்டர்" என்றாள் சித்தி.

அவர் சிரிப்பு அப்படியே நின்றது; மறையவில்லை, நின்றது. "எத்தனைக்கு?"

"பன்னெண்டுக்கு."

"பல்குத்துற குச்சிதானே. வாயில பட்டா துப்பிடப் போறாங்க."

"படாம உள்ள போயிட்டா?"

டாக்டர் மூன்று பொன்னிற வட்டங்களையும் பார்த்தார். துண்டின்மேல் கிடந்த குப்பையைப் பார்த்தார். முட்டை ஓட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்தார். "இன்னைக்குமா சிஸ்டர்?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கதவை மூடாமலேயே போனார்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். "போச்சு. நாலாவது மாடி போச்சு. இனிமே நீ அங்கயே கெட."

சித்தி மாவு சலிக்கிற சல்லடையை எடுத்தாள்.

நான் நூடுல்ஸ் வடிக்கிற பெரிய ஓட்டைத் தட்டை எடுத்து நீட்டினேன். அதில் சீக்கிரம் முடியும். "அதுல குச்சி நெட்டுக்குத்தா நின்னா வழுக்கிட்டுப் போயிடும்" என்றாள். கோபம் இல்லாமல், வகுப்பில் சொல்வதுபோல. மேலோடுகளை உரித்து ஒரு தட்டில் போட்டாள். உரித்தபோது மூன்றின் அழகும் போயிற்று. உள்ளே இருந்ததைக் கரண்டியால் வழித்துச் சல்லடையில் கொட்டி, கரண்டி முதுகால் தேய்த்தாள். சூடான சீஸ் நூல் நூலாகக் கீழே வாணலியில் இறங்கியது. வால்நட்டும் ஜாமின் பழத்துண்டும் தோலும் மேலே தங்கின. அவற்றை விரல் நுனியால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தாள். கை சிவந்துவிட்டது. மேலோடுகளை அம்மா பொடியாக நொறுக்கினாள்; முணுமுணுத்துக்கொண்டே, ஆனால் ஒரு துண்டு விடாமல் நொறுக்கினாள். சீஸ் ஆறி இறுகத் தொடங்கியதால் வாணலியை மிகச் சின்னத் தீயில் வைத்து, வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொன்னாள் என்னிடம். தீ கூடினால் எண்ணெய் பிரிந்துவிடும், குறைந்தால் கட்டியாகிவிடும். நான் பாலை விட்டேன், அவள் தேய்த்தாள். கோரஸ் ஓய்ந்துபோயிருந்தது. சத்தம் போட்டபோது இருந்ததைவிட அந்த அமைதி பயமாக இருந்தது.

இருபத்திரண்டு நிமிடம். குச்சி இல்லை.

சித்தி வாணலியைத் துணியில் பிடித்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். பின்னால் ரொட்டித் துண்டுத் தட்டோடு நான். இருபது முகங்கள் திரும்பின. போர்டில் எண்ணை அழித்த அந்தச் சின்ன நர்ஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் யாரிடமோ எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மூலையில் அடக்கிய சிரிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

"லேட்டானதுக்கு மன்னிச்சுக்குங்க" என்றாள் சித்தி. வாணலியை மேசையில் வைத்தாள். "இதை மடிக்கிறதுக்குப் பன்னெண்டு குச்சி குத்தினோம். பதினொண்ணுதான் திரும்பி வந்துச்சு. எல்லாத்தையும் சல்லடையில தேச்சுப் பாத்துட்டேன், இல்ல. ஆனா கணக்கு சரியா வரல. அதைச் சொல்லாம கொடுக்க முடியாது. வேணும்கிறவங்க சாப்பிடுங்க."

"மீட்டர் இன்னும் ஓடுது டோய்" என்றது மூலை.

சிரிப்பு எழும்பி, பெரிய சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்ததும் அடங்கியது. அவர் மேசையருகே வந்தார். கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு வாணலியைப் பார்த்தார்.

"ஆரம்பத்துல உன்கூட எண்ணினது யாரு?"

என் கையில் ரொட்டித் தட்டு கனத்தது. சித்தி திரும்பிப் பார்க்கவே இல்லை.

"யாரும் இல்ல மேடம். நான் ஒருத்திதான் எண்ணினேன். ரெண்டாவது குரல் கேட்டுச்சான்னு பாக்கலை. அதனால முதல்லயே பதினொண்ணா இருந்திருக்கலாம். தப்பு என்னோடது."

பெரிய சிஸ்டர் ஒரு ரொட்டித் துண்டை எடுத்தார். சீஸில் தோய்த்தார். நிதானமாக மென்றார். விழுங்கினார்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

அடுத்து வந்தவள் அந்தச் சின்ன நர்ஸ். பிறகு இரண்டு மூன்று பேர். பாதி வாணலி மீந்தது. டாக்டர் பிஸ்கட் சாப்பிட்டார். மயக்க டாக்டர் பேசினார், எல்லோரும் கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் சித்தி இல்லை. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா முதல் நிறுத்தத்திலிருந்து நான்காவது நிறுத்தம்வரை திட்டினாள். சித்தியை, என்னை, வீடியோவில் சிரித்த பெண்ணை. பிறகு அவளுக்கே களைத்துப்போய் ஜன்னலில் தலை சாய்த்தாள். சித்தி மடியில் இருந்த பையைத் திறந்து என் பக்கம் சாய்த்தாள்.

"எண்ணு."

"இங்கயா?"

"சத்தமா."

பஸ்ஸில் நிற்க இடமில்லாத கூட்டம். "கத்தி ஒண்ணு" என்றேன். முன் சீட்டுக்காரர் சட்டென்று திரும்பினார். "கத்தி ரெண்டு" என்றேன். அவர் எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டார். சித்திக்கு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன், சிரித்துவிட்டாள். சல்லடைவரை எண்ணி முடித்தோம். குறையவில்லை.

"தியேட்டர் கிடைக்காது" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து, வெளியே பார்த்தபடி. "பரவால்ல. கீழேயும் யாராவது ஒழுங்கா கட்டித்தானே ஆகணும்."

மறுநாள் அவள் தரைக்குக் கீழே போனாள். அதற்கடுத்த நாளும். பதினோராம் நாள் கையில் ஒரு கடிதத்தோடு வந்தாள்: வரும் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு நாலாவது மாடிக்கு வரவும். காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. ஆள் பற்றாக்குறையாக இருக்கும் என்றாள் சித்தி. பதினெட்டு வருட சர்வீஸுக்கு மரியாதை என்றாள் அம்மா. அந்தத் திங்கட்கிழமை சித்தி வீடு திரும்பியபோது முகம் எப்படியோ இருந்தது; "எப்படிப் போச்சு?" என்று கேட்டதற்கு, "கணக்கு சரியா இருந்துச்சு" என்பதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. மேசையில் படுத்தவர்களைப் பற்றி அவள் வீட்டில் பேசியதே கிடையாது. அந்தப் பன்னிரண்டாவது குச்சி என்ன ஆனது என்று இன்றுவரை தெரியாது. பெரிய சிஸ்டர் அந்தச் சமையலறையைப் பெயிண்ட் அடிக்கக் காலி செய்தபோதும் கிடைக்கவில்லையாம்.

மற்றதை எனக்குச் சொன்னது அந்தச் சின்ன நர்ஸ்தான், ஒரு வருடம் கழித்து, சித்தியைப் பார்க்க வந்து, சித்தி கடையிலிருந்து திரும்பும்வரை என்னோடு காத்திருந்த பத்து நிமிடத்தில். நான் ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பேன் என்று நினைத்துச் சொன்னாள். சித்தி திரும்பிப் போன அந்தத் திங்கட்கிழமையின் முதல் கேஸ், எட்டு மணி, பித்தப்பை. கத்தி பிடித்தது அதே டாக்டர். மேசையில் படுத்திருந்தது பெரிய சிஸ்டர். தனக்கு ஆபரேஷன் செய்ய அந்த டாக்டரும், பக்கத்தில் நின்று எண்ண சித்தியும் வேண்டும் என்று அவர் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாளில் போட்டிருந்த தேதி, விருந்துக்கு மறுநாள்.